மருந்துக் கிடங்கில் எழுதிய கொள்கை

தமிழ்நாட்டின் சுகாதாரக் கொள்கை என்ன என்று கேட்டால், மானியக் கோரிக்கையின்போது சட்டப்பேரவையில் வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பை எடுத்து நீட்டுவார்கள். பளபளப்பான தாள், வண்ணப் படங்கள், திட்டங்களின் நீண்ட வரிசை. படிக்க வேண்டிய ஆவணம்தான். ஆனால், கொள்கை எப்படிப் பிறக்கிறது, எப்படிப் பிழைத்துக் கிடக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர் அதற்கு முன்னால் ஆரம்ப சுகாதார நிலையத்து மருந்தாளுநரின் பாஸ்புக்கைப் பார்த்துவிடுவது நல்லது.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் கொண்டுவந்த ஏற்பாடு அது. ஒரு மருத்துவமனைக்கு ஓராண்டுக்கு இத்தனை ரூபாய்க்கு மருந்து என்று பாஸ்புக்கில் வரவு வைத்துவிடுவார்கள். மாவட்டக் கிடங்கிலிருந்து மருந்து எடுக்க எடுக்க அதன் மதிப்பு பற்றாகும். என்ன மருந்து, எவ்வளவு என்பதை அந்த மருத்துவமனையே முடிவுசெய்யும், பட்டியலுக்குள் இருக்கும்வரை. பணம் மட்டும் அதன் கைக்கு வராது. எழுத்தெல்லாம் கணினிக்கு மாறிய பிறகும் ஏற்பாட்டின் அடிப்படை மாறவில்லை. இந்தச் சிறிய கணக்குப் புத்தகத்தில் இரண்டு அதிகாரங்கள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. எது தேவை என்று சொல்லும் அதிகாரம் டாக்டரிடம். யாரிடம், என்ன விலைக்கு வாங்குவது என்ற அதிகாரம் சென்னையில். இரண்டும் ஒரே கையில் இருந்தபோது என்ன நடந்தது என்பது தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அரசு மருத்துவமனைக்குப் போனவர்களுக்கு நினைவிருக்கும்: மருந்து வெளியே எழுதித் தரப்படும்.

அப்போது ஒவ்வொரு இயக்குநரகமும் தனித்தனியாக மருந்து வாங்கிக்கொண்டிருந்தது. நிதியாண்டு முடிகிற நேரத்தில் மிஞ்சிய பணத்துக்கு அவசரக் கொள்முதல். ஓரிடத்தில் காலாவதியாகும் மருந்து, இன்னோரிடத்தில் தட்டுப்பாடு. கொள்முதல் முறைகேடு பற்றிய புகார்கள் வெடித்த பிறகுதான் 1994 ஜூலையில் கழகம் தனி நிறுவனமாகப் பதிவானது. 1995 தொடக்கத்தில் வேலையைத் தொடங்கியது. தொடக்க காலத்தில் அதை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஆர்.பூர்ணலிங்கம். ஊழல் புகார் வந்தால் விசாரணைக் குழு, அறிக்கை, இடமாறுதல் என்று போவதுதான் நம் ஊர் வழக்கம். இங்கே புகாரிலிருந்து ஒரு நடைமுறை பிறந்தது. அந்த விதத்தில் இது ஓர் அபூர்வமான கதை.

நடைமுறையின் விவரங்களில்தான் அதன் அறிவு இருக்கிறது. முதலில் அத்தியாவசிய மருந்துப் பட்டியல். தொடக்க ஆண்டுகளில் சுமார் 250 மருந்துகள். டாக்டர்களைக் கொண்ட குழு கூடிச் சுருக்குகிற பட்டியல் இது. நிறுவனப் பிரதிநிதி வந்து சிரித்துப் பேசிவிட்டுப் போனதற்காகப் புதிய பிராண்டு ஒன்று உள்ளே வந்துவிட முடியாது, ஏனென்றால் பட்டியலில் பிராண்டு பெயரே கிடையாது. அடுத்து இரட்டை உறை டெண்டர். தகுதிச் சான்றுகள் ஓர் உறையில், விலை இன்னோர் உறையில். தகுதி தேறாதவரின் விலை உறை பிரிக்கப்படாது. மருந்து கிடங்குக்கு வந்ததும் மாதிரி எடுத்து, தயாரித்தவர் யாரென்று தெரியாதபடி அடையாளங்களை நீக்கி, சங்கேத எண்ணிட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். எந்த நிறுவனத்தின் மருந்தைச் சோதிக்கிறோம் என்பது சோதிக்கிறவருக்குத் தெரியாது. தேறினால்தான் மருத்துவமனைக்குப் போகும், பணமும் பட்டுவாடா ஆகும். தேறாத நிறுவனம் கருப்புப் பட்டியலில் ஏறும். மாத்திரை அட்டையிலேயே அரசு முத்திரையும் விற்பனைக்கு அல்ல என்ற வாசகமும் அச்சாகியிருப்பதால், அது தெருமுனை மருந்துக் கடைக்குப் போனால் காட்டிக்கொடுத்துவிடும். அவசரத்துக்கு உள்ளூரில் வாங்கிக்கொள்ள ஒதுக்கீட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மருத்துவமனைகளுக்கு விடப்பட்டது.

கவனித்துப் பார்த்தால், இந்த ஏற்பாடு யாரையும் நல்லவர் என்று நம்பிக் கட்டப்படவில்லை. டாக்டர், அதிகாரி, மருந்து நிறுவனம், ஆய்வகம் எல்லோரும் சபலப்படக்கூடியவர்கள் என்று வைத்துக்கொண்டே விதி எழுதப்பட்டிருக்கிறது. நேர்மையானவர் ஒருவர் தலைமைக்கு வந்தால்தான் ஓடும் என்ற நிலை இல்லை என்பதால்தான், ஆட்சி மாறி, செயலாளர் மாறி, மேலாண்மை இயக்குநர்கள் எத்தனையோ பேர் வந்துபோன பிறகும் முப்பது ஆண்டுகளாக ஓடுகிறது. கழகம் வெளியிட்ட விலைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அதே மருந்து கடையில் எத்தனை மடங்கு விலைக்கு விற்கிறது என்று நாடு முழுவதும் மருந்து விலைக்காகப் போராடியவர்கள் கணக்குக் காட்டினார்கள். அனைவருக்குமான மருத்துவம் குறித்து ஸ்ரீநாத் ரெட்டி தலைமையிலான உயர்நிலை நிபுணர் குழு 2011-இல் தந்த அறிக்கை, மற்ற மாநிலங்களும் இதே பாணியில் மருந்து வாங்கலாம் என்றது. கேரளம் அதற்கு முன்பே தன் கழகத்தைத் தொடங்கியிருந்தது. ராஜஸ்தான் 2011 அக்டோபர் 2-ஆம் தேதி இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது பின்னால் நின்றதும் இப்படியொரு கழகம்தான்.

ஆனால், பலகையை மாட்டுவது வேறு, விதிக்குக் கட்டுப்படுவது வேறு. கோவிட் நெருக்கடியில் கேரளக் கழகம் பாதுகாப்பு உடைகளைச் சந்தை விலையைவிடப் பல மடங்கு அதிகமாகக் கொடுத்து வாங்கியது என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை குறை கூறியது. அவசரம் என்று மாநில அரசு விளக்கம் சொன்னது. இருக்கலாம். ஆனால், அவசரம் வந்தால் விதியை ஒதுக்கிவைக்கலாம் என்றால், அவசரத்துக்கென்றும் ஒரு விதி முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்குத் திரும்பினால், மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு எடுத்த மாநில அளவிலான கணக்கெடுப்பில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கும், சர்க்கரை நோயாளிகளில் 10.8 சதவீதத்தினருக்கும்தான் நோய் கட்டுக்குள் இருக்கிறது என்று தெரியவந்திருந்தது. பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டு வாசலில் வந்து அம்லோடிபினும் மெட்ஃபார்மினும் கொடுப்பது அந்தக் கணக்குக்கு அரசு தந்த பதில். நல்ல பதில். ஐ.நா. அமைப்பின் விருதும் வந்தது. விழா மேடையில் யாரும் கிடங்கைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார்கள். ஆனால், 1995-இல் போட்ட கிடங்கு வலைப்பின்னல் இல்லாமல் 2021-இல் இந்தத் திட்டத்தை அறிவித்திருக்க முடியாது. அறிவிக்கலாம், நடத்த முடியாது.

இன்னும் பின்னால் போனால், செய்யாமல் விட்டதும் கொள்கையாகிவிடுவதைப் பார்க்கலாம். சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரத் துறை நூறாண்டுக்கு முன்பே தனித் துறை. 2022 டிசம்பரில் நூற்றாண்டு கொண்டாடினார்கள். ராஜாஜி அமைச்சரவையில் டாக்டர் டி.எஸ்.எஸ்.ராஜன் சுகாதாரத்தைக் கவனித்த காலத்தில், 1939-இல் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. இந்தியாவில் இந்த வகையில் அதுவே முதல் சட்டம். குடிநீர், சாக்கடை, தொற்றுநோய், சந்தை, திருவிழாக் கூட்டம் என எல்லாவற்றிலும் சுகாதார அலுவலருக்குச் சட்டப்படி அதிகாரம் தந்தது. பிறகு 1946-இல், இந்தியாவின் மருத்துவ அமைப்பை ஆராய்ந்த போர் (Bhore) குழுவின் அறிக்கை வந்தது. மருத்துவத் துறையையும் பொதுச் சுகாதாரத் துறையையும் ஒன்றாக்கிவிடலாம் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. காகிதத்தில் அழகான யோசனை. சுதந்திரத்துக்குப் பிறகு பெரும்பாலான மாநிலங்கள் அப்படியே செய்தன. விளைவு, கொசுவையும் குடிநீரையும் பார்க்க வேண்டிய பதவிகள் அறுவைசிகிச்சை டாக்டர்களின் பதவி உயர்வு வரிசையில் கரைந்துபோயின. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் கூட்டம் கண்ணுக்குத் தெரியும். வராமல் போன காலராவை யார் பார்ப்பார்கள்? பணமும் ஆளும் ஆஸ்பத்திரிப் பக்கமே சாய்ந்தன.

தமிழ்நாடு இணைக்கவில்லை. தனி இயக்குநரகம், தனி நிதி, பொதுச் சுகாதாரப் பட்டயம் படித்த அலுவலர்கள், கீழே சுகாதார ஆய்வாளர், கிராம சுகாதாரச் செவிலியர் என்று ஓர் அணி அப்படியே நீடித்தது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோன பிறகு, முகாம்களில் பெரிய தொற்றுநோய் பரவவில்லை. சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் எங்கே, எந்த அளவில் போட வேண்டும் என்று அன்றைக்குப் புதிதாக யாருக்கும் பயிற்சி தர வேண்டியிருக்கவில்லை. பொதுச் சுகாதாரத்துக்குத் தனிப் பணிப்பிரிவு வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை சொன்னது; 2022-இல் மத்திய அரசு வழிகாட்டுதலும் வெளியிட்டது. தமிழ்நாடு 1950-களில் விடாமல் வைத்திருந்ததை, எழுபது ஆண்டு கழித்து மற்ற மாநிலங்கள் புதிதாகத் தொடங்கச் சொல்கிறார்கள். ஒரு வேடிக்கை: இணைப்பைப் பரிந்துரைத்த அந்தப் போர் குழுவின் உறுப்பினர்களில் சென்னையின் டாக்டர் ஏ.லட்சுமணசாமி முதலியாரும் ஒருவர்.

இதுவரை சொன்னது பெருமைக் கதை. தொண்ணூறுகளில் தொடங்கிய மகப்பேறு மரணத் தணிக்கையைப் பற்றிப் பேசும்போது பெருமையோடு கொஞ்சம் சங்கடமும் வர வேண்டும். பிரசவத்தில் ஒரு பெண் இறந்தால் 24 மணி நேரத்துக்குள் மேலே தகவல் போக வேண்டும். வீட்டில் போய் விசாரிப்பார்கள். எப்போது வலி எடுத்தது, யார் தூக்கிக்கொண்டு போனது, வண்டி எப்போது வந்தது, முதல் ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள், ரத்தம் இருந்ததா என்று மணிக்கணக்கு வரிசையில் எழுதுவார்கள். மருத்துவமனையில் தனி விசாரணை. பிறகு மாவட்ட ஆட்சியர் தலைமையில் கூட்டம். அதில் இறந்த பெண்ணின் குடும்பத்தினரும் வந்து உட்கார்ந்து பேசலாம். கணவரோ தாயோ ஆட்சியர் முன் அமர்ந்து, இந்த ஆஸ்பத்திரியில் இவ்வளவு நேரம் காக்கவைத்தார்கள் என்று சொல்வதும், அதே அறையில் அந்த டாக்டர் பதில் சொல்ல வேண்டியிருப்பதும் இந்திய நிர்வாகத்தில் எளிதில் காணக்கிடைக்காத காட்சி.

இந்த விசாரணைகள் ஒன்றையொன்று அடுத்து வந்தபோது, மரணத்துக்குக் காரணம் எங்கே என்பது தெளிவானது: தாமதம், ரத்தப்போக்கு, ரத்தம் இல்லாமை, இரவில் ஆள் இல்லாமை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று நர்சுகளை ஷிப்ட் முறையில் வைத்து 24 மணி நேரப் பிரசவம் பார்ப்பது, ரத்த சேமிப்பு மையங்கள், 2008-இல் வந்த 108 ஆம்புலன்ஸ் என்று பதில்களும் ஒவ்வொன்றாக வந்தன. 2001-03 காலத்தில் லட்சம் பிறப்புக்கு 134 ஆக இருந்த தாய்மார் இறப்பு 2018-20-இல் 54 ஆகக் குறைந்தது. இந்தியா முழுவதுக்குமான கணக்கு அதே காலத்தில் 301-லிருந்து 97-க்கு வந்தது. அப்போது கேரளம் 19-இல் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

சங்கடம் எங்கே என்றால், தணிக்கையின் நோக்கம் தண்டிப்பது இல்லை என்று விதி சொல்கிறது. கூட்டத்துக்குப் போய் வந்த டாக்டரைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார். மெமோ வரும், விளக்கம் கேட்பார்கள், மாநில அளவிலான காணொலிக் கூட்டத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதனால், கொஞ்சம் சிக்கல் என்று பட்டாலும் மேல் மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவது கீழே இருப்பவருக்குப் பாதுகாப்பு. மேலே இருப்பவருக்குக் கத்தியை எடுப்பது பாதுகாப்பு. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். இந்திய சராசரி 21.5. தனியார் மருத்துவமனைகளின் பங்கு இதில் பெரிது, பெண்களும் குடும்பங்களும் கேட்பதும் உண்டு. ஆனாலும், மரணத்துக்குக் கணக்குக் கேட்கிற அரசு, தேவையில்லாத அறுவைக்குக் கணக்குக் கேட்பதில்லை என்பதற்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

ரத்தசோகையும் அப்படித்தான். அதே கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயது வரையிலான தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 55. இடைப்பட்ட ஐந்தாண்டில் எத்தனை அறிவிப்பு, எத்தனை இரும்புச்சத்து மாத்திரை! ஒரு பெண் பிரசவத்தில் இறந்தால் ஆட்சியர் கூட்டம் போடுகிறார். நூறு பெண்கள் சோகையோடு நடமாடினால் கூட்டம் போட யாருக்கும் விதி இல்லை. நிறுவனம் எதை எண்ணுகிறதோ அதில் முன்னேறும். எண்ணாததில் நின்ற இடத்தில் நிற்கும்.

சுகாதாரக் கொள்கையை எழுதுவது சுகாதாரத் துறை மட்டும் என்று நினைப்பதும் தவறு. தலைமைச் செயலகத்தில் ஒரு கோப்பு நிதித் துறைக்குப் போய்த் திரும்புகிற இடத்தில்தான் பல கொள்கைகளின் உண்மையான உருவம் முடிவாகிறது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015-இல் தேர்வு நடத்தி ஆயிரக்கணக்கான நர்சுகளை எடுத்தது. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம், இரண்டு ஆண்டுக்குப் பிறகு காலமுறை ஊதியம் என்பது ஏற்பாடு. இரண்டு ஆண்டும் போயிற்று, பெரும்பாலோருக்கு நிரந்தரம் ஆகவில்லை. 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் மருத்துவ இயக்குநரகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் வந்து உட்கார்ந்தார்கள். காலிப் பணியிடம் வந்தால்தான் நிரந்தரம் என்பது அரசின் பதில். பிரசவ வார்டில் இரவு முழுக்க நிற்கும் நர்சுக்கு எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்ற கேள்வி எந்தக் கொள்கை விளக்கக் குறிப்பிலும் கொள்கையாக விவாதிக்கப்படுவதில்லை. பணியிடம் தோற்றுவிப்பது தொடர்பான கோப்பின் ஓரக் குறிப்பில் அது முடிந்துவிடுகிறது. பெண் சுகாதாரத் தன்னார்வலருக்குச் சம்பளம் இல்லை, ஊக்கத்தொகைதான் என்பதும் இப்படி எடுத்த முடிவுதான்.

2025-ஆம் ஆண்டின் இருமல் மருந்து விவகாரத்தையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலை ஒன்றில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து, மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அக்டோபர் தொடக்கத்தில் மத்தியப் பிரதேச அரசிடமிருந்து தகவல் வந்ததும் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உடனே போய் மாதிரி எடுத்தது. சென்னை ஆய்வகத்தில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் என்ற நஞ்சு இருப்பது தெரிந்தது. ஆலையில் 300-க்கும் மேற்பட்ட குறைபாடுகள் கண்டறியப்பட்டன. உரிமம் ரத்து, கைது, மருந்து ஆய்வாளர்கள் தற்காலிகப் பணிநீக்கம். தகவல் வந்த பிறகு காட்டிய வேகத்தைப் பாராட்டலாம். 300 குறைபாடுகள் ஒரே வாரத்தில் முளைத்திருக்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அரசு தானே வாங்கும் மருந்துக்கு ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்து, பெயரை மறைத்து, சோதித்து, தேறினால்தான் காசு என்கிறது. அதே அரசு, தன் எல்லைக்குள் தயாராகி ஊர் ஊராக விற்பனைக்குப் போகும் மருந்துக்கு ஓர் ஆய்வாளரின் வருகைப் பதிவேட்டை நம்பியிருக்கிறது. முதலாவதில் சோதிக்காவிட்டால் மருந்து நகராது, சரக்கே நிற்கும். இரண்டாவதில் ஆய்வாளர் போகாவிட்டால் ஒன்றும் நிற்காது, ஆலை ஓடிக்கொண்டே இருக்கும். மருத்துவப் பணிகள் கழகத்தின் பாடத்தை அதே மாநிலத்தின், அதே துறையின் இன்னொரு கிளை முப்பது ஆண்டுகளாக எடுத்துக்கொள்ளவில்லை. உரிமம் நீடிப்பதை ஆய்வு அறிக்கையோடு கட்டிப்போட்டு, அறிக்கை பதிவேறாவிட்டால் உரிமம் தானாக முடங்கும் என்று ஓர் அரசாணை போடுவதற்கு எந்த உலக வங்கிக் கடனும் தேவையில்லை. அதில் மத்திய சட்டத்தின் சிக்கல் உண்டு என்றால், அதையாவது வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

வெளிப்படை என்றதும் 110-ஆவது விதி நினைவுக்கு வருகிறது. சட்டப்பேரவையில் அந்த விதியின்கீழ் ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டால் அதன்மீது விவாதம் கிடையாது. தி.மு.க., அ.தி.மு.க. ஆட்சிகள் இரண்டிலும் இது நடந்திருக்கிறது. எந்த மாற்று வழிகளைப் பரிசீலித்தார்கள், ஏன் இதைத் தேர்ந்தெடுத்தார்கள், என்ன செலவு, யார் ஆட்சேபித்தார்கள் என்பதெல்லாம் கோப்பிலேயே உறங்கும். தகவல் உரிமை மனு போட்டு ஒருவர் தோண்டினால் உண்டு. மத்திய அரசு 2014-இல், மசோதாவையும் விதிகளையும் முன்கூட்டி வெளியிட்டு 30 நாளாவது கருத்துக் கேட்க வேண்டும் என்று தனக்குத்தானே ஒரு நெறிமுறை வகுத்துக்கொண்டது. அதைத் தானே பலமுறை மீறியும் இருக்கிறது. தமிழ்நாட்டில் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய சுகாதாரச் சீரமைப்புத் திட்டத்தின்கீழ் மாவட்ட சுகாதாரப் பேரவைகள் கூட்டப்பட்டன. நல்ல தொடக்கம். ஆனால், பேரவையில் எழுந்து நின்று இரவில் பாம்புக்கடிக்கு மருந்து இல்லை என்று ஒருவர் சொன்னால், அது எந்தக் கோப்பில் ஏறியது, என்ன முடிவானது என்று அவருடைய ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பலகையிலேயே பதில் ஒட்டப்பட வேண்டும். இல்லாவிட்டால் அதுவும் மனுநீதி நாள் போல ஒரு சடங்காகிவிடும்.

மகப்பேறு மரணத் தணிக்கையின் முடிவுகளைப் பெயர்களை நீக்கிவிட்டு, மாவட்டவாரியாக, ஆண்டுதோறும் வெளியிடுவதிலிருந்து தொடங்கலாம். கழகம் தன் மருந்து விலையை வெளியிட்டது. அதனால் அதற்குக் கெட்ட பெயர் வரவில்லை, மற்றவர்களின் விலைதான் அம்பலமானது. மானியக் கோரிக்கையின்போது, முந்தைய ஆண்டு அறிவிப்புகளில் இத்தனைக்கு அரசாணை வெளியிட்டாயிற்று என்று ஒரு கணக்கு இப்போதே சொல்லப்படுகிறது. அந்தக் கணக்கில் இன்னும் மூன்று கட்டங்கள் சேர்க்கலாம்: எத்தனை பணியிடம் தோற்றுவிக்கப்பட்டது, அதில் எத்தனை காலமுறை ஊதியத்தில், இன்றைய தேதியில் எத்தனை காலி. அமைச்சர் அதை அவையில் வைக்கும் நாளில் எதிர்க்கட்சியினருக்கு வெளிநடப்புச் செய்ய நேரம் இருக்காது. உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கும்.